அறை மாற விரும்பிய துப்பாக்கி

கடற்கரையில் காலையில் என்னுடன் நடக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர், சென்ற வாரம் தம் கைபேசியை என் மூக்கருகே நீட்டினார். எங்கோ ஒருவர் கேட்டிருக்கிறார்: விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும் தோட்டாவுக்கான பழைய துப்பாக்கிக் குழலை, நடுவில் தட்டினால் வெடிக்கும் தோட்டாவுக்கு ஏற்பக் குடைந்துகொள்ளலாமா? கீழே பத்துப் பேர் ‘தாராளமாக’ என்று அருளியிருந்தார்கள். அவர்களில் ஒருவராவது துப்பாக்கியைத் தொட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. இக்காலத்தில் அறியாமைக்குக் கூச்சமே கிடையாது, நண்பரே.

முதலியார்பேட்டை லேத் பட்டறையின் வாடை உடனே நினைவில் ஏறியது: சூடான இரும்புத் தூளும் எண்ணெயும். கல்லூரியில் பௌதிக விரிவுரையாளராக நான் சேர்ந்திருந்த புதிது. என் தாய்மாமன் பிரெஞ்சுப் படையில் பதினைந்து ஆண்டுகளைச் சமையற்கூடத்தில் கழித்துவிட்டுத் தளபதியைப் போல நடமாடியவர். உரிமம் பெற்ற பிரெஞ்சுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். விளிம்புத் தோட்டா வகை. அந்தத் தோட்டா கிடைப்பது நின்றுபோயிற்று. பட்டறை மேஸ்திரி குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“ரூமைக் கொஞ்சம் பெரிசு பண்ணணும், ஊசிய நடுவுல வெக்கணும். அவ்ளோதான் மிஸ்யே. வெள்ளிக்கெழம வந்து வாங்கிக்கினு போங்க.”

தோட்டா அமரும் பள்ளத்தைப் பிரெஞ்சில் ‘ஷாம்பர்’ என்பார்கள். அறை என்று பொருள். எங்கள் ஊரில் ஐயா ‘மிஸ்யே’ ஆனதுபோல, மேஸ்திரிக்கு அது ரூம் ஆகிவிட்டது. நடுத்தோட்டாவின் அழுத்தம் அதிகம், துப்பாக்கியைச் செய்த பிரெஞ்சுக் கம்பெனியையே கேட்கலாம் என்றேன்.

“பிரெஞ்சு தெரியும்னு பீத்திக்கிறியே மாப்ள, நீயே எழுதேன்!” என்றார் மாமா.

எழுதினேன். அகராதியோடு மூன்று முறை திருத்தினேன். திருத்தும்போது, இருக்க வேண்டிய சொல்லை எடுத்துவிட்டு வேறொரு சிறு சொல்லை வைத்தேன். பதில் வந்தது:

‘ஐயா, தங்கள் துப்பாக்கி வேறு அறைக்குக் குடிபெயர விரும்புவதாக அறிந்தோம். நாங்கள் விடுதி நடத்தவில்லை. எனினும், தாங்கள் அழைக்க எண்ணும் விருந்தாளியை அச்சுவர்கள் தாங்கா. முதல் வெடியிலேயே வீட்டுக்காரருக்குக் கண் போகும்.’

‘அறையை மாற்ற’ என்று நான் எழுத எண்ணியதை அந்தச் சிறு சொல் ‘அறை மாற’ என்றாக்கியிருந்தது. கடிதத்தை மேசை இழுப்பறையில் பூட்டினேன். மூன்றாம் நாள் மாமா சொன்னார்: “பதிலாவது மண்ணாங்கட்டியாவது. நாளைக்குப் பட்டறையில குடுத்துட்றேன்.”

ஒரு பக்கம் அவருடைய வலக்கண்; மறுபக்கம் என் பிரெஞ்சு இலக்கணம். தராசு உடனே சாயவில்லை என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன். அன்று மாலை கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

மாமா அதைப் பெத்தாங் விளையாடும் திடலுக்கு எடுத்துப்போய் உரக்க வாசித்தார். இரும்புக் குண்டுகளைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரும்பாலும் பிரெஞ்சுப் படையின் பென்ஷன் வாங்கிக் குடிப்பதைத் தவிர வேறு பணியறியாதவர்கள்.

“இன்னா புரொபசரே, ரூம் வசதியா கீதா?”

“ஜன்னல் வெச்ச ரூமா பாத்துக் குடுங்கப்பா, மாப்ளைக்குக் காத்து வேணும்!” என்றார் மாமா.

துப்பாக்கி குடையப்படாமல் சுவரில் தொங்கியது. எனக்கு ‘ஷாம்பர்’ என்ற பெயர் நிலைத்தது. அந்தக் கூட்டத்தைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நடப்பேன்.

மாமா இரண்டு கண்ணும் பழுதின்றித் தொண்ணூறு வயதில் காலமானார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய், கடைசி ஆள் சென்ற ஆண்டு போனார். இப்போது ஊரே என்னை ‘ஐயா’ என்கிறது. நான் பிரெஞ்சில் என்ன பிழை செய்தாலும் மரியாதையோடு தலையாட்டுகிறார்கள். சிரிக்கும் அளவுக்கு அந்த மொழி தெரிந்தவர் என் பழக்கத்தில் ஒருவரும் மிச்சமில்லை.