மஞ்சள் காமாலை என்று சொன்னோம்

என் மகள் பதினைந்து வயதில் மனநல ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாள். தூக்கமும் பேச்சும் அற்றுப்போயிருந்தன. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டே விஷயம்தான் சொன்னார்: மாத்திரையை நிறுத்தக் கூடாது, பத்தாம் நாள் கட்டாயம் கூட்டி வர வேண்டும். தவறினால் திரும்பவும் இங்கேதான் வந்து படுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன்.

பள்ளிக்கூடத்திலும் சொந்தக்காரர்களிடமும் மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தோம். என் யோசனைதான். சொந்தமெல்லாம் நாகர்கோவிலில், நாங்கள் கடை வைத்துக் குடியிருப்பது பழவங்காடியில். இரண்டு ஊர் வாய்க்கும் பயந்தேன். நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள் என்ற பயம் வேறு.

பொய்க்கு வைத்தியம் பார்க்கவும் ஆள் வந்தது. என் கணவரின் அக்கா பை நிறையக் கீழாநெல்லியோடு வந்து இறங்கினார். காலையில் மோரில் அரைத்த கீழாநெல்லி, மற்ற வேளைக்கு உப்பில்லாக் கஞ்சி. இல்லாத நோய்க்கு மகள் மறுபேச்சில்லாமல் பத்தியம் இருந்தாள். மூன்றாம் நாள் மாத்திரை அட்டை அவர் கண்ணில் பட்டுவிட்டது. காமாலைக்கு யாராவது இங்கிலீஷ் மருந்து கொடுப்பார்களா, பிள்ளையின் ஈரல் என்னத்துக்கு ஆகும் என்று பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சரி மைனி, நிறுத்திருதேன்" என்றேன். அவர் ஊருக்குப் போனதும் கொடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அவர் இரண்டு வாரம் இருந்தார். பத்தாம் நாளும் அதற்குள் போய்விட்டது.

அந்த மாதம் முடிவதற்குள் மகள் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு திறக்க மறுத்தாள். கதவை உடைத்துத்தான் வெளியே கூட்டிவந்தோம். மறுபடி அதே வார்டு. மாத்திரை எப்படி நின்றது என்று டாக்டர் கேட்டார். மகள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"நான் துப்பிக் களஞ்சேன் டாக்டர். அம்மைக்கு ஒண்ணும் தெரியாது."

நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டு, முழுங்கினாளா என்று சோதித்தார். என் மகள் வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாலாம் நாள் முடியவில்லை. டாக்டரின் அறைக்குப் போனேன்.

"அவ துப்பல்ல டாக்டர். நிறுத்தினது நானாக்கும்."