வண்டி நிறுத்தப் போனவர்

எங்கள் கரையாம்புத்தூர்க்காரர்களுக்குப் பாண்டிச்சேரி என்றால் மூன்று இடம்தான்: பெரிய ஆஸ்பத்திரி, பெரிய மார்க்கெட், பட்டா மாற்றுகிற ஆபீஸ். இந்த மூன்றில் ஒரு வேலை இல்லாமல் யாரும் அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டார்கள். தலைநகரத்தைச் சும்மா நடந்து சுற்றிப் பார்ப்பதெல்லாம் வெளியூர்க்காரர்கள் செய்கிற வேலை. அதனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தை, "பாப்பாவுக்குப் பாண்டி சுத்திக் காட்டிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டு எனக்குத் தலை பின்னியபோது வீட்டில் ஒருத்தரும் அதை நம்பவில்லை. நான் ஒருத்திதான் நம்பினேன். எனக்கு ஆறு வயது. எதைச் சொன்னாலும் நம்புகிற வயது.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. மடுகரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன், அதாவது என் மாமா, நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் உரம் வாங்கி வருகிறேன் என்று சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் கிடைத்தது. கல்யாணமாகிச் சில வருஷமாகியும் பிள்ளை இல்லை. ஊர் என்ன சொல்லும்? மலடியிடமிருந்து தப்பித்து ஓடினான் என்றது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

உண்மை வேறு. இரண்டு பேரும் பாண்டிக்குப் போய் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். குறை தன்னிடம்தான் என்று டாக்டர் சொன்னதைப் பஸ்ஸில் வரும்போது மாமா அத்தையிடம் சொல்லியிருக்கிறார். "அதுக்கின்னா இப்ப?" என்று கேட்டுவிட்டு அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாதம் ஆள் இல்லை. அத்தை இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. தன்மேல் விழுந்த பேரைத் தானே சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என்னிடம் இதைச் சொன்னதே எனக்குக் கல்யாணமான பிறகுதான்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரம் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து அத்தையின் கல்யாணத்தைத் தீர்த்துவிடுவதாக இருந்தது. தீர்த்துவிட்டால் அவள் வேறு ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம். அரியாங்குப்பத்தில் ஒரு மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். அந்த நேரம் பார்த்து, மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் ஏற்றிப்போகிற பக்கத்து வீட்டுக்காரர், பீச் பக்கம் மாமாவைப் பார்த்த மாதிரி இருந்தது என்று சொல்லிவைத்தார். "மூஞ்சி சரியா பாக்கல. ஆனா நடை அவருதுதான்" என்றார். அந்த நடையை நம்பித்தான் அத்தை கிளம்பினாள். பெரியவர்கள் உட்காருவதற்குள் மாமாவைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

என்னை எதற்குக் கூட்டிப்போனாள் என்றால், சாயங்காலத்தில் ஒரு பெண்பிள்ளை தனியாகப் பிராந்திக் கடை வாசலில் நின்றால் பாண்டி என்ன, எந்த ஊரும் சும்மா இருக்காது. கையில் ஒரு குழந்தை இருந்தால் குடும்பத்தோடு ஊர் பார்க்க வந்தவள் என்று விட்டுவிடுவார்கள். அப்பாவின் போனையும் வாங்கிக்கொண்டாள். கல்யாணப் பட்டுப்புடவையைப் பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். தலை கொள்ளாத மல்லி, நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலியை மஞ்சள் பூசி வெளியே எடுத்து விட்டிருந்தாள். என்னைவிட அத்தைக்குத்தான் ஊர் சுற்றும் ஆசை அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தோம். நடை என்றால் அப்படி ஒரு நடை. வளையல் கடை, பொம்மைக் கடை எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டே போனாள். திடீரென்று ஒரு பிராந்திக் கடைக்கு எதிரில் நின்று, "அப்படி நில்லு, போட்டோ எடுக்கறேன்" என்பாள். நான் இடுப்பில் கைவைத்துப் பல்லெல்லாம் தெரிய நிற்பேன். போனைத் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் பார்ப்பாள். பிறகு அடுத்த தெரு, அடுத்த கடை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள் பாவம். அவள் பார்த்ததெல்லாம் எனக்குப் பின்னால் கடையிலிருந்து வெளியே வருகிற முகங்களை. அந்தப் படங்களை மறுநாள் பார்த்துவிட்டு அப்பா, "இன்னாடி இது, பாண்டில பிராந்திக் கடைய வுட்டா வேற ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டார். பல படங்களில் நான் ஓரமாக, பாதி மூஞ்சியோடுதான் இருந்தேன்.

இதில் வேடிக்கை, மாமாவுக்குக் குடிப்பழக்கமே கிடையாது. ஓடிப்போன ஆம்பிளை கடைசியில் அங்கேதான் கிடப்பான் என்று ஊர் சொல்லிச் சொல்லி, கட்டிய பெண்டாட்டியும் அதை நம்பிவிட்டாள்.

பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் ஊரே மாறிவிட்டது. மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாகத் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராகப் போயின. பார்க்கில் வெள்ளை மண்டபத்தைப் பார்த்தேன். பிள்ளையார் கோயிலில் அத்தை கண்ணை மூடி நின்றது நின்றபடியே இருந்ததால் நான்தான் புடவையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. நாங்கள் பீச்சுக்குப் போனபோது வண்டிகள் வராமல் ரோட்டை மறித்துத் தடுப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய ரோடு, அத்தனையும் நடக்கிறவர்களுக்கு. காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம், பலூன், சோப்புக் குமிழி. மாடி ஓட்டல்களில் கலர் விளக்கைப் போட்டார்கள். எங்கிருந்தோ மேளம் மாதிரி ஒரு பாட்டுச் சத்தம் தரையில் அதிர்ந்தது. கால்சட்டை போட்ட பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். இந்த ஊர் ராத்திரிக்குத்தான் எழுந்திருக்கும்போல என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டதையெல்லாம் அத்தை வாங்கிக் கொடுத்தாள். என்னவென்று பார்க்காமலே வாங்கிக் கொடுத்தாள்.

அந்த நீள ரோட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எத்தனை தடவை நடந்தோமோ தெரியாது. என் கால் விட்டுப்போயிற்று. இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளாலும் முடியாமல்போய் இறக்கிவிட்டாள். "போதும் வா, வூட்டுக்குப் போவலாம்" என்று பீச்சை விட்டு உள்தெருவுக்குத் திரும்பினாள். அவள் குரலே செத்துப்போயிருந்தது.

அந்தத் தெருவில் ஒரு பெரிய ஓட்டல். வாசலில் பழைய காலத்துப் போலீஸ் மாதிரி சிவப்புத் தொப்பியும் பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டையும் போட்டு, முறுக்கின பெரிய மீசையோடு ஒருவர் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பிள்ளைகள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அத்தை அலுப்போடு போனைத் தூக்கினாள். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் முட்டிபோட்டு என் உயரத்துக்குக் குனிந்தார்.

"பாப்பா எத்தினியாவது படிக்கிற?"

"ஒண்ணாவது."

"எந்த ஊரு?"

"கரையாம்புத்தூரு."

அவர் கை என் தோளில் அப்படியே நின்றுவிட்டது. நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. இன்னும் படம் எடுக்கவில்லையே என்று, "அம்மா, எடும்மா, கால் வலிக்குது" என்று கத்தினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்து ஒரு வருஷத்துக்குள் தம்பி வந்துவிட்டதால் என்னை வளர்த்தது, குளிப்பாட்டியது, பக்கத்தில் போட்டுத் தூங்கவைத்தது எல்லாம் அத்தைதான். அத்தை என் அம்மாவை "அண்ணி" என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டு நானும் பெற்றவளை "அண்ணி" என்றேன். அத்தையை "அம்மா" என்றேன். கூட்டுக்குடும்பத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பெரியவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் திருத்தவில்லை. அத்தையும் திருத்தவில்லை. அவளை அம்மா என்று கூப்பிட இந்த உலகத்தில் வேறு யார் இருந்தார்கள்?

நான் அம்மா என்று கூப்பிட்டது யாரை என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். அத்தை போனை இறக்காமல் அதற்குள்ளேயே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டுப்புடவை, மல்லிப்பூ, குங்குமம், தாலி. எல்லாம் அவருக்காகத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். ஆனால் தாலி யார் கட்டியது என்று அதில் எழுதியா இருக்கிறது? பக்கத்தில் ஒண்ணாவது படிக்கிற பிள்ளை வேறு.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. அவர் எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்து சல்யூட் அடித்தார். வந்தவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். வரும்போது அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. கண் மட்டும் ஈரமாக இருந்தது.

"வூட்டுக்காரரு வரலீங்களா?" என்று அத்தையிடம் கேட்டார்.

அத்தை அப்போதுதான் போனை இறக்கினாள். பிறகு, "வண்டி நிறுத்தப் போயிருக்காரு" என்றாள்.

"சரி, சரி" என்றார். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து என் கையில் வைத்தார். தலையில் கைவைத்து, "அம்மா சொல்றத கேட்டு நல்லா படிக்கணும், இன்னா?" என்றார். அத்தையைப் பார்த்து, "இருட்டிடுச்சி. பாத்துப் போங்க" என்றார். மடுகரையில் இருந்தவரை அவளை வாடி போடி என்றுதான் பேசுவாராம். அன்றைக்கு "போங்க" என்றார்.

நாலு எட்டு நடந்ததும் நான் கேட்டேன். "யாரும்மா வண்டி நிறுத்தப் போயிருக்காங்க? நாம பஸ்ல தானே வந்தோம்?" அத்தை என் கையை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. நான்தான் திரும்பிப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு எங்களையே பார்த்து நின்றார். எனக்கு டாட்டா காட்டினார். நானும் காட்டினேன்.

வீட்டில் என் அம்மா, "பாத்தியா?" என்று கேட்டதற்கு அத்தை, "இல்ல அண்ணி. ஊரெல்லாம் சுத்தியாச்சி" என்றாள். அடுத்த வாரம் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டபோது சரி என்றாள். அரியாங்குப்பத்து மாமா நல்லவர். இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வண்டி நிறுத்தப் போகிற புருஷனும் கையைப் பிடித்து நடக்கிற பிள்ளைகளும் அவளுக்கு நிஜமாகவே வந்துவிட்டார்கள். அரியாங்குப்பத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் பீச். பையன்கள் கூப்பிட்டாலும் அத்தை வர மாட்டாள்.

எனக்கு முதல் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, துணைக்கு வந்திருந்த அத்தையிடம் கேட்டேவிட்டேன். ஏன் அப்படி ஒரு பொய் சொன்னாய், உன் புருஷனைத் தேடித்தானே அவ்வளவு தூரம் நடந்தாய் என்று. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் விரல்களை நீவிக்கொண்டே சொன்னாள்.

"கோவமும் இருந்திச்சி, இல்லங்கல. ஆனா கார் கதவ தொறந்துட்டு வந்தாரு பாரு, அந்த மூஞ்சி. எனக்குக் கொழந்த பொறந்துடுச்சின்னு அந்த மனுஷனுக்கு அவ்ளோ சந்தோஷம். தான் போனது வீணாப் போவலன்னு நெனச்சிட்டாரு. அது என் கொழந்த இல்லன்னு நான் எந்த வாயால சொல்றது?"

என் ஒரு வார்த்தைதான் அவர்களைப் பிரித்தது என்று நானே நினைத்துக்கொண்டால் அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் பெருமை. ஆறு வயதுப் பிள்ளை வேறு என்ன சொல்லிக் கூப்பிடும்? ஆனாலும் சில நாள் தூக்கம் வருவதில்லை.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் வண்டி இன்னும் வரவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பயந்துபோய், "கால் வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி. ரொம்ப நடந்துட்டேன்" என்றாள்.

எனக்கும் கால் வலித்ததால் அதை அப்படியே நம்பினேன். பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்துவிட்டேன். அழுகை நிற்கவில்லை. என் கையில் பலம் போதவில்லை என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்.