ரேகை விழாத விரல்

அம்மா செய்த ஒரே தப்பு, பத்திரம் பதியப் போன அன்று காலையில் செங்கல் பொடி போட்டுக் கையைத் தேய்த்ததுதான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனிக்குப் போகிறவர்கள் நல்லது கெட்டதுக்குக் கிளம்பினால், கையில் ஏறிய அலுமினியப் பொடி போக அப்படித்தான் தேய்ப்பார்கள். ஆபீசர் முன்னால் அந்தக் கையை நீட்ட அம்மாவுக்குக் கூச்சம்.

புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளைகளோடு வாடகை அறையில் கிடக்கிற என் தங்கைக்குத் தன் மனையை எழுதிக் கொடுக்கத்தான் போனார். மனை அவள் பேரில் இருந்தால்தான் அரசு வீடு கிடைக்கும். இதில் யாருக்கு என்ன நட்டம்?

ஏற்கெனவே பட்டாசு மருந்து அரித்த விரல். மிச்ச ரேகையையும் செங்கல் தின்றுவிட்டது. சார்பதிவாளர் அலுவலகக் கருவி அம்மாவை அம்மா இல்லை என்றது. கண்ணைப் பார்க்கும் கருவியோ பழுது. ஆதார் இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, சாட்சிக்கு ஊர்க்காரர்கள் நின்றார்கள். சார்பதிவாளர் எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆளை உறுதிசெய்ய முடியவில்லை என்று மறுத்து எழுதிவிட்டார்.

மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்தேன். அவர் எழுதியதையே இவரும் எழுதினார். ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுப் போட்டு மதுரை உயர்நீதிமன்றத்துக்கு அலைந்தேன். அரசு வக்கீலுக்கு ஒருநாள் விவரம் வரவில்லை, இன்னொருநாள் அவரே வரவில்லை. இதற்கிடையில் அம்மாவின் கம்பெனியைச் சோதனை போட்டுப் பூட்டினார்கள். அம்மா வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அந்த வருஷ வீடு வேறு யாருக்கோ போயிற்று. தங்கை கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. ரேகை விழவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது, வேறு சான்றுகளைப் பார்த்துப் பதிய வேண்டும் என்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே சார்பதிவாளர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடுவானா? நீட்டிய தீர்ப்பை அவர் வாங்கவே இல்லை. முதலில் விரலை வைக்கச் சொன்னார்.

அம்மா வைத்தார். கருவியில் பச்சை எரிந்தது. சும்மா இருந்த மாதங்களில் ரேகை திரும்ப முளைத்திருந்தது.

"விழுதுல்ல? இதுக்குப் போயி கோர்ட்டுக்கு அலைஞ்சிருக்கீங்களே டீச்சர்" என்றார்.

அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நல்லாருப்பீக சாமி. அன்னைக்கு நாந்தான் கையத் தேய்ச்சுக் கெடுத்துப்பிட்டேன்."

தீர்ப்பை மடித்துப் பைக்குள் வைத்தேன்.