மூடி கழற்றாத நுண்ணோக்கி

முன், பின்

பெஞ்சுகளை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தோம், நானும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையில் முதலில் கைவருவது பாடம் நடத்துவது அல்ல, பெஞ்சு தூக்குவது. தேர்தலுக்குத் தூக்குவோம், மருத்துவ முகாமுக்குத் தூக்குவோம். அன்று ஒரு போட்டோவுக்காகத் தூக்கினோம்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று, சுற்றுவட்டார அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் வகுப்பை மேம்படுத்திக்கொள்ளச் சிறு நிதி தருவதாக அறிவித்திருந்தது. நான் ஒரு நுண்ணோக்கி கேட்டு எழுதியிருந்தேன். வேறொன்றும் கேட்கவில்லை. பள்ளியைப் பார்க்க இரண்டு பேர் கழுத்தில் அட்டை தொங்க வந்தார்கள். உதவிக்கு முன் ஒரு படம், உதவிக்குப் பின் ஒரு படம், இது அவர்கள் வழக்கம். எங்கள் போதாத காலம், கோடை விடுமுறையில்தான் பெற்றோர்கள் கூடி அந்த அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பிள்ளைகள் சுவரில் தாவர செல்லை வரைந்து பச்சை தீட்டியிருந்தார்கள். பெஞ்சை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். படங்களைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினோம். அப்போதும் ஜன்னல் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. கேமராவை வைத்திருந்தவர் இரண்டு மூலையிலிருந்தும் பார்த்தார். பிறகு கேமராவை இறக்கிவிட்டு, மிகவும் மரியாதையாக என்னிடம் கேட்டார்: “இதைவிட மோசமான ரூம் ஏதாவது இருக்கா மேடம்?”

நேர்காணல்

அடுத்து கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் என் போனை வாங்கி அதன் கேமராக் கண்ணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார்கள். எங்கள் வகுப்பறையை அவர்கள் மூலைமூலையாகப் படம் எடுத்தது நினைவுக்கு வந்தது. நாம் யார் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்ட முடியும்?

குளிர்ந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பாடப்புத்தகத்தில் செல் என்பது ஒரு படம். பிள்ளைகள் அதை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் அது உண்மையிலேயே இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் நம்புவதில்லை. பக்கத்து ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டைக் காட்டினால் போதும் என்று சொன்னேன். ஒருவர், இதனால் அவுட்புட் என்ன என்று கேட்டார். இன்னொருவர் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுத் தாளில் வகுத்துப் பார்த்தார். உற்பத்தி லைனில் பல வருடம் இருந்து மேலே வந்தவர் என்று பிறகு தெரிந்தது. ஒரு கருவி, இத்தனை பிள்ளைகள், ஒரு பீரியட். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறேன் என்று கேட்டார். அது பார்த்து முடிக்கிற வரைக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே எனக்காகக் கவலைப்பட்டார்.

“பாத்து முடிக்கிற வரைக்கும்னா அங்கயே லைன் நின்னுடும் மேடம். ஒவ்வொருத்தரும் பாக்கணும்னு அவசியமா?”

பீரோ

நுண்ணோக்கி வந்துவிட்டது. மரப்பெட்டி, உள்ளே வார்த்த தெர்மக்கோல், அதற்குள் பாலித்தீன் உறை. லென்ஸ்கள் தனித்தனி டப்பியில். கண் வைத்துப் பார்க்கும் குழாயின் வாயில் தூசி போகாமல் இருக்க ஒரு கருப்பு மூடி. பிள்ளைகள் சுற்றி நின்று பெட்டியை மோந்து பார்த்தார்கள். எங்கள் தலைமையாசிரியை வசந்தா மேடம் வந்தார், ரசீதில் கையெழுத்துப் போட்டார், பெட்டியை வாங்கித் தன் அறையில் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் கைப்பைக்குள் போயிற்று.

உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு பீரோ இருக்கும். அதற்குள் பிரிக்காத கேரம் போர்டும் காற்றடிக்காத கால்பந்தும் இருக்கும். வசந்தா மேடம் கெட்டவர் அல்ல. மதிய உணவில் முட்டை குறைந்தால் தன் பங்கை எடுத்துக் கொடுக்கிறவர். ஆனால் வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவருக்கு முன்னால் இருந்தவர், காணாமல் போன ஒரு ப்ரொஜெக்டருக்குப் பதில் சொல்ல முடியாமல் ஓய்வூதியம் வாங்க அலைந்த கதையை நாங்கள் எல்லோரும் அறிவோம். ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்டேன். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றார். ஒரு நாள் பொறுக்காமல் சொன்னேன்: இந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அக்காமார் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சால்டரிங் சரிபார்க்கிறவர்கள், ஷிப்ட் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள், அக்கா நாள் பூராப் பார்க்கலாம், தங்கச்சி ஒரு நிமிஷம் பார்க்கக் கூடாதா என்று.

அவர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “அக்கா பாக்கறது ஒடைஞ்சா கம்பெனி பாத்துக்கும். இது ஒடைஞ்சா என் பென்ஷன் பாத்துக்கணும்மா.”

பாட்டில்

ரிங்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். பீகார்ப் பெண், ஏழாம் வகுப்பு. அப்பா புதிய தொழிற்சாலைகளுக்குக் கூரை போடும் ஒப்பந்தக் கூலி. தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஒற்றை அறைகளில் ஒன்றில் குடும்பம். வந்த புதிதில் வாய் திறக்காதவள், எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து, இப்போது அவர்கள் பேசுகிற தமிழையே பேசினாள்.

நுண்ணோக்கி வந்த வாரம் நான் அவசரப்பட்டு ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஏரித் தண்ணீரில் நாலு வைக்கோல் துண்டு போட்டு வைத்தால் சில நாளில் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகும், அதைப் பார்ப்போம் என்று. எல்லோரும் கொண்டுவந்தார்கள். பீரோ திறக்காது என்று புரிந்ததும் எல்லோரும் கொட்டிவிட்டார்கள். ரிங்கி கொட்டவில்லை. அவளுடைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஜன்னலில் இருந்தது. தண்ணீர் வற்றினால் ஏரியிலிருந்து கொண்டுவந்து ஊற்றினாள். அது மஞ்சளாகி, பச்சையாகி, மூடியைத் திறந்தால் வகுப்பே மூக்கைப் பிடித்தது. தினமும் காலையில் என்னைக் கேட்பாள், “இன்னா டீச்சர், இன்னிக்கும் பூட்டிதான் கீதா?”

தமிழாசிரியர் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு சொன்னார்: “வருகைப் பதிவுல அந்த பாட்டில் பேரையும் சேத்துடுங்க டீச்சர். நம்ம பசங்கள விட ஒழுங்கா வருது.”

பரிசோதனை

கொடுத்த பொருள் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆள் வந்தது. வந்தவர் வழக்கமாக உதிரிபாகம் செய்யும் பட்டறைகளைச் சோதிக்கிறவர். வசந்தா மேடம் முதல் நாளே பீரோவைத் துடைத்து வைத்திருந்தார். பெட்டியை மேசைமேல் வைத்தார்கள். அவர் பாலித்தீன் உறையை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளைத் துணியால் தேய்த்து, துணியைத் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை, துரு இல்லை, தூசி இல்லை. லென்ஸ் டப்பிகள்கூடப் பிரியவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒரு பொருளை வைத்திருக்கும் இடத்தை அவர் இந்தச் சுற்றில் பார்க்கவில்லை என்று மேடத்திடம் சொன்னார். மேடத்துக்கு முகம் மலர்ந்தது. பயன்பாடு என்று எங்காவது கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அப்படி ஒரு கேள்வி அவரிடம் இல்லை.

பிறகு, உதவிக்குப் பின் படம். முன்பு வந்த கேமராக்காரரும் கூட வந்திருந்தார். பீரோ திறந்துவிட்டது என்று எப்படியோ தெரிந்து ரிங்கி பாட்டிலோடு ஓடி வந்து வாசலில் நின்றாள். ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னலைப் பார்த்ததும் கேமராக்காரருக்குப் பிடித்துப்போனது. உள்ளே வரச் சொன்னார், பாட்டிலை மட்டும் வெளியே வைத்துவிட்டு. பச்சைத் தண்ணீர் படத்தில் நன்றாக இருக்காதாம். அவள் பாட்டிலை வாசற்படியில் வைத்தாள். நான் குழாயின் கருப்பு மூடியைக் கழற்றக் கை நீட்டினேன். சோதிக்க வந்தவர் தடுத்தார். பிரிக்காத நிலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி கழற்றினால் எழுதியது பொய்யாகிவிடும் என்றார். இதில் ஒன்றுமே தெரியாதே என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வசந்தா மேடம்கூடப் பார்க்கவில்லை. ரிங்கி சொன்னபடி குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை அந்த மூடிமேல் வைத்தாள். என்ன தெரிகிறது என்று கேமராக்காரர் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கருப்பா கீது சார்” என்றாள்.

“பரவால்ல பாப்பா, சிரி. போட்டோல அது தெரியாது.”

வெள்ளிக்கிழமை

சிறந்த பராமரிப்புக்காக எங்கள் பள்ளிக்கு ஒரு கேடயம் வந்தது. அதுவும் பீரோவுக்குள் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ரிங்கி அப்பாவோடு வந்தாள். கூரை வேலை முடிந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் ஆட்களை குஜராத் பக்கம் அனுப்புகிறார். இரவு சென்னையில் ரயில். மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வாசலில் ஷேர் ஆட்டோ இன்ஜினை அணைக்காமல் நின்றது. வசந்தா மேடம் ஓய்வூதியத் தாள்களோடு ஸ்ரீபெரும்புதூர் அலுவலகத்துக்குப் போயிருந்தார். போன் செய்தேன். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. ரிங்கி போவதற்குள் ஒரு தடவை நுண்ணோக்கியில் பார்த்துவிடட்டும் என்றேன். சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றும், வந்து சேர மாலை ஆகிவிடும் என்றும் சொன்னார்.

பீரோவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நல்ல கெட்டி இரும்பு. அதுவும் ஒரு கம்பெனி கொடுத்ததுதான். ரிங்கி கதவருகே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் ஒருவர் பெயரைச் சொல்ல முடியாத கோபம் அது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் ஜன்னலுக்குப் போய் பாட்டிலை எடுத்தாள். பாவாடையில் துடைத்து என் மேசைமேல் வைத்தாள்.

“நீங்க பாத்துட்டு எங்கப்பா போனுக்குச் சொல்லுங்க டீச்சர். உள்ள இன்னா இன்னா கீதுன்னு.”

காலண்டர்

புது வருடத்துக்குக் கம்பெனியின் காலண்டர் வந்தது. வழவழப்பான தாள், மாதத்துக்கு ஒரு படம். ஜூன் மாதத்தில் ரிங்கி. இரட்டைப் பின்னல், மூடிய ஒரு கண், சிரிப்பு. கீழே ‘நாளைய விஞ்ஞானி’ என்று அச்சடித்திருந்தார்கள். ஆசிரியர்கள் எல்லோரும் தலைமையாசிரியை அறையில் கூடிவிட்டார்கள். அவள் அப்பாவின் எண்ணுக்கு நான் பல முறை அடித்துப் பார்த்துவிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. அதை அங்கே சொல்லவில்லை. தமிழாசிரியர் காலண்டரைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

“நம்ம ஸ்கூல் பொண்ணு எவ்ளோ லட்சணமா விழுந்திருக்கா பாருங்க. கண்ணு ஒண்ணு போதும்.”

வசந்தா மேடம் அதை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் எடுத்துப் போனார். அவர் விரல் படத்தின் மேல் நகர்ந்து, குழாயின் வாயில் இருந்த கருப்பு மூடிக்கு வந்து நின்றது. வெகு நேரம் அங்கேயே இருந்தது. பிறகு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு ஏழாம் வகுப்புக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். பச்சை செல் வரைந்த சுவரில் ஒரு ஆணி இருந்தது. ஜூன் மாதத்தை மேலே திருப்பி, அதில் மாட்டினார். நான் மறுபடி ஜன்னலில் வைத்த ரிங்கியின் பாட்டில் அப்படியே இருந்தது.

நன்கொடைப் பொருளைப் பாதுகாப்பதில், சக ஆசிரியர்களே, எங்கள் பள்ளியை ஒருவரும் குறை சொல்லிவிட முடியாது: அன்றுவரை அதில் ஒரு கீறல் கிடையாது.

மேடம் கைப்பையைத் திறந்து பீரோ சாவியை எடுத்தார். காலண்டர் தொங்கிய அதே ஆணியில் அதை மாட்டிவிட்டு, இடைவேளை மணி அடிக்கப் போனார்.