சவர்க்காரப் பெட்டியின் மூடி

நிஸ்தார் நானா மௌத்தான செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அப்போது பள்ளிவாசல்துறை பேக்கரியில் பாண் வாங்க நின்றுகொண்டிருந்தேன். கரையோரத்து வாத்தியக்காரர்கள் எல்லாரும் இருக்கும் குழுமத்தில், எங்களோடு ட்ரம்ஸ் வாசித்த அன்ரனி ஒற்றை வரி போட்டிருந்தான். பாணை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அதன் கீழே பதினேழு அழுகிற முகங்கள் வரிசையாக வந்து நின்றன. அந்தப் பதினேழு பேரில் ஒருவர்கூடக் கடைசி நாலு வருடத்தில் அவருடைய வாசல்படியை மிதித்தவரில்லை. பதினெட்டாவது முகத்தை நான் போட்டேன். நானும் மிதித்தவனில்லை.

ஜனாஸா அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கலை மன்றத்தின் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். “நினைவு மலர் ஒண்டு போடுறம் தம்பி. ஒங்களுக்கு ரெண்டு பக்கம். ஒங்கள விட அவரத் தெரிஞ்சவன் ஆரு?” என்றார். சந்தியில் அந்த மன்றம் கட்டியிருக்கும் பதாகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘எமது மண்ணின் மைந்தன்’ என்று போட்டிருக்கிறது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, ஆலங்குடாவில் கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, தலை நரைத்த மனிதரை இங்கே கடைசிவரை ‘அகதி நிஸ்தார்’ என்றுதான் சொன்னோம். மைந்தன் ஆவதற்கு அவர் மையித்தாக வேண்டியிருந்தது. செயலாளருக்கு ஓம், எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் எதிர்பார்ப்பது இதையல்ல, ஆனால் எனக்கு எழுத வருவது இதுதான்.

பதினோரு வருடம் நாங்கள் ஒரே மேடையில் வாசித்தோம். அவர் லீட் கிற்றார், நான் ரிதம். லீட் என்றால் பாட்டின் நடுவில் தனியாக முன்னால் வந்து பேசுவது. ரிதம் என்றால் பாட்டு முழுக்கப் பின்னால் நின்று தட்டிக்கொண்டிருப்பது. காற்றுக் காலத்தில் ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலில் வெள்ளியும் சனியும் மாலை வேளைகளில் வாசிப்போம். மற்ற நாட்களில் கலியாண வீடுகள். அவர் என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். என்னைவிட நன்றாக வாசித்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய பிக் பைத்தியமும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பிக் என்பது கிற்றார்க் கம்பியைத் தட்டுவதற்காக இரண்டு விரலுக்கு நடுவில் பிடிக்கும் சிறிய தகடு. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய பட்டத்தைப் பிடித்துக் கடல்மேல் சறுக்கும் கைட் ஓட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒருமுறை எனக்குப் பன்னிரண்டு பிக் உள்ள பாக்கெட் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். நான் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். நானா ஹோட்டல் குசினிக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக முழங்கால் உயரத்திலிருந்து கீழே போட்டார். விழுகிற சத்தத்தைக் கேட்டார். பன்னிரண்டையும் போட்டு முடித்தபின் ஒன்றை மட்டும் என் பக்கம் தள்ளினார். “எல்லாம் ஒரே கடையில வாங்கினதுதான். இது ஒண்டுதான் பாடுது” என்றார். மற்றவை என்ன ஆவது என்று கேட்டேன். “மெல்லிசா இருக்கு. எல்லாக் கம்பியிலயும் ஓடும், ஒரு கம்பியில நிண்டு கதைக்க ஏலா. ஒனக்குப் போதும்.” அந்தக் கடைசிச் சொல்லைக் குசினிக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

அவருக்கு நாக்கு அப்படித்தான். நான் பிக்கைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் ஒத்திகையில், “என்னத்துக்கு இப்பிடி நசுக்குற? பயந்தவன்தான் இறுக்கிப் புடிப்பான்” என்றார். மூன்று நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன். நாலாம் நாள் அவர் ஒன்றுமே நடக்காததுபோல வந்து, எனக்கென்று ராவிய பிக் ஒன்றை நீட்டினார். பெயின்ற் வாளி மூடியில் வெட்டியது. என் விரல் வழுக்காமல் இருக்க அதன் நடுவில் ஊசியைச் சுடவைத்துச் சின்னச் சின்னக் குழிகள் போட்டிருந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, வேலையில்தான் வரும்.

சிலாபம் பக்கம் ஒரு கலியாண வீட்டில் நடந்ததை அன்ரனி இன்னும் சொல்லிச் சிரிப்பான். பாட்டின் நடுவில் நானாவின் பிக் கை நழுவிக் கிற்றாரின் வயிற்றுக்குள் விழுந்துவிட்டது. கிற்றாரைத் தலைகீழாகக் குலுக்க நேரமில்லை. முன்னால் கிடந்த கலியாணக் கார்டை எடுத்து, நாலாய் மடித்து, மூலையைப் பல்லால் கடித்துக் கூராக்கி, அதாலேயே இரண்டு பாட்டு வாசித்தார். மாப்பிள்ளையின் பெயர் இருந்த பக்கம் நார்நாராகிப் போய்விட்டது. பெண்ணின் தகப்பன் சண்டைக்கு வருகிறார் என்று நாங்கள் நினைக்க, அவர் இன்னொரு கார்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

சிரட்டை, போன் ரீலோட் கார்ட், எக்ஸ்ரே படம், உடைந்த கைட்டின் சட்டத் துண்டு, எல்லாவற்றிலும் வெட்டிப் பார்த்தவர் அவர். சிரட்டை இனிமையாகப் பேசும், ஆனால் ஒரு வாரத்தில் விளிம்பு தேய்ந்துவிடும். எக்ஸ்ரே வளையும். அவர் தேடியது கடைசியில் அவருடைய கிணற்றடியிலேயே இருந்தது. நஸீமா தாத்தா, அதாவது அவருடைய மனைவி (எங்களுக்கு அண்ணன் நானா, அக்கா தாத்தா), கலியாணம் கட்டின காலத்திலிருந்து சோப்புப் போட்டு வைத்திருந்த சவர்க்காரப் பெட்டி. தடித்த பழைய பிளாஸ்டிக், மண்ணிறத்தில் மஞ்சள் மஞ்சளாய்த் திட்டுப் போட்டது. மூடி கீழே விழுந்தபோது வந்த சத்தத்தை அவர் கேட்டுவிட்டார். அன்றே அதை அறுத்து, மீன்கத்தி தீட்டும் கல்லில் ராவி, உடுத்திருந்த சாரத்தில் தேய்த்து மூன்று பிக் செய்தார். தாத்தா திட்டிய திட்டை அடுத்த வளவில் இருந்தவர்களும் கேட்டார்கள். மூன்றில் ஒன்றை எனக்குத் தந்தார். “இத வெச்சு அடிச்சா பிக் கதைக்கிறது கேக்காது. கம்பி கதைக்கிறதுதான் கேக்கும்” என்றார். அது உண்மை. அதைவிட நல்ல பிக்கை நான் இன்றுவரை தொட்டதில்லை.

இனி எழுதப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஹோட்டல் மேடையில் மைக்கில் பேசுவது என் வேலை. எங்கள் நாலு பேரில் ஆங்கிலம் ஓரளவு வந்தது எனக்குத்தான். ஒரு வெள்ளிக்கிழமை கை தட்டல் குறைவாக இருந்தது. நானாவைக் காட்டி, இவர் கையில் இருப்பது இந்தக் கடலில் பிடித்த ஆமையின் ஓடு, நூறு வருடம் பழையது என்று எடுத்துவிட்டேன். மஞ்சள் திட்டுப் போட்ட அந்தப் பிளாஸ்டிக் பார்வைக்கும் ஆமை ஓடு போலத்தான் இருந்தது. ஒரு காலத்தில் நல்ல பிக் எல்லாம் ஆமை ஓட்டில்தான் செய்வார்கள் என்று நானாவே முன்பு சொல்லியிருந்தார். எங்கள் ஆட்கள் முன்னால் சொன்னால் அது வெறும் பகிடி. வலையில் ஆமை பட்டால் விட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் பொலிஸ்காரன் உள்ளே போட்டுவிடுவான் என்று இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் நம்பப்போவதில்லை, சிரித்திருப்பார்கள். எதிரே இருந்தவர்களோ டொல்பினையும் ஆமையையும் பார்க்கவென்றே கடல் தாண்டி வந்தவர்கள். அவர்கள் வாயைப் பிளந்ததை வியப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். நான் சொன்னதன் அர்த்தம் தெரிந்ததும் நானா, “வேணாம் றமீஸ், சவுக்காரப் பெட்டி எண்டே சொல்லு. அதுவும் நல்ல கதைதானே” என்றார். நான் கேட்கவில்லை. அடுத்த இரண்டு வெள்ளியும் அதையே சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஒரு பெண் நானாவின் கையைக் கிட்டவந்து படம் எடுத்தாள். அடுத்த நாள் அந்தப் படம் ஹோட்டலின் இணையப் பக்கத்தில் இருந்தது. இந்த ஹோட்டல் ஆமை கொல்பவர்களைப் பாட வைக்கிறது, அதை மேடையில் பெருமையாகவும் சொல்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தாள். பின்னேரம் நாலு மணிக்கு மெனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் எங்கள் நிகழ்ச்சிக்கு ஒருநாளும் வந்து உட்கார்ந்தவரில்லை. நானாவின் பிக்கை வாங்கி மேசையில் வைத்துவிட்டு இது என்ன என்று கேட்டார்.

நானா முதலில் சிரித்தார். “சவுக்காரப் பெட்டிட மூடி சேர்.” அந்தச் சிரிப்பு மெனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஆமை என்று மேடையில் சொன்னது ஏன் என்று கேட்டார். “அது பகிடிக்குச் சொன்னது” என்றார் நானா. யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. என் பக்கம் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும், நீட்டவில்லை. “லைட்டர் ஒண்டு தாங்க, பத்திக் காட்டுறன். ஓடு எண்டா மயிர் கருகிற மணம் வரும். பிளாஸ்டிக் மணம் ஒங்களுக்கே தெரியும்” என்றார். போதும், இன்னும் நெருப்பும் வைக்காதே என்று மெனேஜர் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “றமீஸ், நீங்க சொல்லுங்க. இது என்ன?”

அந்தப் பிக்கின் கூடப்பிறந்தது என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் ஆமை என்று சொன்னது யார் என்பதுதான். அது எனக்குத் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. இவர் போனால் லீட் யார் என்பது. இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும்தான். “எனக்குத் தெரியா சேர்” என்றேன்.

அவரை அன்றே நிறுத்தினார்கள். அன்று சனிக்கிழமை, மாலையே நான் லீட் வாசித்தேன். பத்து நாள் கழித்து வனவிலங்கு அதிகாரிகள் இரண்டு பேர் வந்து பிக்கைப் பார்த்து, நகத்தால் சுரண்டி, பிளாஸ்டிக் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவரைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. கலியாண வீட்டுக்காரர்களும் ஆமைக் கதையைக் கேட்டுவிட்டு வேறு ஆளைத் தேடினார்கள். அவர் எத்தாளையில் ஒரு தோட்டத்தில் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறப் போனார். ஒருமுறை பஸ் தரிப்பிடத்தில் அவரை நேருக்கு நேர் சந்தித்தேன். ஓடி ஒளிய இடமில்லை. விரல் இடுக்கெல்லாம் செம்மண்ணாக இருந்தது. “இப்ப என்ன தடிப்பத்துல வாசிக்கிற?” என்று கேட்டார். சொன்னேன். “பத்தாது. லீட்டுக்கு இன்னும் கொஞ்சம் தடிப்பா எடு” என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அதன்பின் நான் அவரைப் பார்த்தது கபன் துணி சுற்றிய நிலையில்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். தாத்தா இத்தாவில் இருக்கிறார், எங்களைப் போன்ற ஆண்கள் முன்னால் வரக்கூடாத காலம். கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் அவருடைய தம்பியும் நானும் உட்கார்ந்தோம். திரைக்குப் பின்னாலிருந்து அவர் சொன்னார்: “ஒங்களப் பத்தி அவர் ஒரு நாளும் குறையாக் கதைக்கல்ல. அண்டைக்கு றமீஸக் கேட்டிருந்தா அவன் சொல்லியிருப்பான், அவனக் கேக்கவே இல்ல எண்டுதான் சொல்லுவாரு.” தேத்தண்ணீர் கையில் இருந்தது. குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். இரண்டாம் முறையும் வாய் திறக்காதவன் நான்.

மலருக்கென்று எழுத உட்கார்ந்தபோதுதான் என் மீது எனக்கே அருவருப்பு வந்தது. நேற்று இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். மேலே இருக்கும் எல்லாவற்றையும், செயலாளர் சொன்னதிலிருந்து தேத்தண்ணீர் குடித்ததுவரை, திரையைப் பார்த்து வாசித்தேன். தாத்தாவின் தம்பி பாதியிலேயே எழும்பி வாசலில் போய் நின்றுகொண்டார். வாசித்து முடித்தேன். தாள்களை மடித்தேன்.

“நீங்க தெரியா எண்டு சொல்லக்குள்ள, அவர் ஒங்கட மொகத்தப் பாத்தாரா?” என்று திரைக்குப் பின்னாலிருந்து தாத்தா கேட்டார்.

“எனக்குத் தெரியா தாத்தா. நான் கீழ குனிஞ்சிட்டு இருந்தன்.”

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. “தம்பி, அவருக்குச் சொல்லு, எழுதினத அப்பிடியே போடட்டும். ஒரு சொல்லும் வெட்ட வேணாம்” என்று தம்பியிடம்தான் சொன்னார்.

செத்தவரிடமிருந்து நமக்கு என்ன மிச்சம் என்று இப்படியான எழுத்தின் கடைசியில் சொல்ல வேண்டும். அவர் தந்த பிக் என்னிடம் இல்லை. மெனேஜரின் அறையிலிருந்து வந்த அன்றே களப்புத் தண்ணீரில் எறிந்துவிட்டேன். மேடையில் அவர் நின்ற இடம் இருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமையும் அதில் நான்தான் நிற்பேன். நான் தலையைக் குனிந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் என்னைப் பார்த்தாரா என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு என் கையாலும் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.