காய்ந்துபோன கண்ணாடித் தகடு

பொய்யான முடிவை எழுதிக் கையெழுத்திட்டவன் நான். சரஸ்வதிக்கு முடக்குவாதம் என்று அந்தத் தாள் சொன்னதற்கு அவள் இரத்தம் பொறுப்பல்ல... நான்தான் பொறுப்பு!

அறுபதுகளின் நடுவில் சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றின் சோதனைக்கூடத்தில் இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சரஸ்வதி, சிராங்கூன் சாலையில் எங்கள் அடுத்த தெருப் பெண், தட்டச்சு செய்பவள். விரல் மூட்டுகள் வீங்கி வந்தாள். மருத்துவருக்குச் சந்தேகம், இரத்தச் சோதனையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்.

சோதனை எளியது. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தின் தெளிநீர் ஒரு சொட்டு, பால்போன்ற லேடெக்ஸ் கரைசல் ஒரு சொட்டு. ஆட்டிக்கொண்டே இருந்து, இரண்டு நிமிடத்துக்குள் திரிந்தால் நோயின் எதிர்ப்பொருள் உண்டு. அதற்குமேல் விட்டால் தகடு காய்ந்து, யார் இரத்தமும் திரிந்ததுபோலவே தெரியும். இது எனக்குத் தெரியாதா? தெரியும்...

அன்று நடைவழியில், கூட வேலை பார்ப்பவர்களுக்குள் குவீன்ஸ்டவுன் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு மனுப் போடும் பேச்சு. நானும் போய் நின்றுவிட்டேன். திரும்பியபோது திரிந்திருந்தது. ‘உண்டு’ என்று எழுதித் தாளை அனுப்பினேன்.

பிறகுதான் அதே தகட்டின் பக்கத்து வட்டத்தைப் பார்த்தேன். ஒப்பிடுவதற்காக வைத்த, நோயில்லாதவர் இரத்தம். அதுவும் திரிந்திருந்தது!

அவளுடைய மீதித் தெளிநீர் குளிர்பெட்டியில் இருந்தது. மறுபடி செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் தாளைத் திரும்பக் கேட்டால் சோதனைக்கூடத்துப் பெரியவர் காரணம் கேட்பாரே... வேலை என்னாவது? சோதனைக் குழாயில் இருந்ததைத் தொட்டியில் கொட்டிக் கழுவினேன். மறதி என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தே கொட்டினேன்.

அவளுக்கு, முடக்குவாதத்துக்கு அப்போது கொடுத்துவந்த தங்க உப்பு ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் தடித்துப்போனதால் நிறுத்தினார்கள். தட்டச்சு வேலையை விட்டாள். அவளுக்கு உண்மையிலேயே நோய் இருக்கட்டும் என்று நான் சாமியிடம் வேண்டியதுண்டு. இதைவிடக் கேவலம் உண்டா!

அவள் கண்ணில் படாமல் மூன்று ஆண்டுகள் ஒதுங்கி நடந்தேன். ஒருநாள் தேக்கா சந்தையில் அகப்பட்டுக்கொண்டேன். கீரைக்கட்டைப் பிடித்திருந்த விரல்களைத்தான் முதலில் பார்த்தேன். வீக்கமே இல்லை.

“அண்ணே, நீங்க அப்பவே கண்டுபிடிச்சதாலதான் என் கை கோணாம தப்பிச்சுச்சு,” என்றாள். “அம்மா இன்னும் உங்கள சொல்லிக்கிட்டே இருப்பாங்க.”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. “நல்லா இரும்மா,” என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க யார் வந்தாலும், தனக்கு முடக்குவாதம் என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாளாம். ஒரு குடும்பத்தாரிடம் உண்மையை மறைப்பது பாவமாம்...