வீடு கிடைத்தால் சேர்கிறேன் என்று சொன்னேன்

“நம்ம சனம் ஒருத்தரும் இல்லாத மலைக்குப் போறியே, ஞாயித்துக்கெழமையானா யாரோட ஜெபம் பண்ணுவ? உன் விசுவாசம் ஒரு மாசம் தாங்குனா ஜாஸ்தி,” என்றாள் அத்தை. மணலூர்பேட்டையில் எங்கள் சபையின் வாசலில், பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னாள்.

கரும்பு வெட்டும் எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் ஆய்வக நுட்புநர் படிப்பும் முடித்தேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலைக்கு ஆணை வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சேர வேண்டும். தவறினால் ஆணை ரத்து.

வெளியில் நிமிர்ந்து நின்றாலும் உள்ளே பயம் இருந்தது. அப்பா இறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அம்மாவைத் தனியே விட்டுப் போக வேண்டும். அதனால் திங்கள்கிழமை ஜெபத்தில் கர்த்தரிடம் ஓர் அடையாளம் கேட்டேன். வெள்ளிமலையில் தங்க வீடு கிடைத்தால் சேர்கிறேன். கிடைக்காவிட்டால் நீர் வேண்டாம் என்கிறீர் என்று திரும்பிவிடுகிறேன். எங்கள் சபையில் இப்படிக் கேட்பது வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் பத்து மணிக்குள் வந்தால் சம்மதம் என்று கேட்டவர்கள்கூட உண்டு.

மறுநாள் காலை 5.30க்கு மணலூர்பேட்டையில் பேருந்து ஏறினேன். தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சி வர ஒன்றரை மணி நேரம். நிலையத்தில் இரண்டு இட்லியும் ஒரு டீயும் முப்பது ரூபாய். 7.20க்கு மலைப் பேருந்து. பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டை எனக்குக் கிழித்துக் கொடுத்த நடத்துநர், மடியில் இருந்த கோப்பைப் பார்த்தார்.

“மொகம் புதுசாக் கீதே. இன்னா வேலைங்க மேல?”

“ரத்தம் எடுத்துப் பாக்குற வேலைங்க.”

“அந்த வேலய எங்கூர்ல கொசுவே சும்மா பண்ணிக்கினு கீதே,” என்றார் பின்னாலிருந்த பெரியவர். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலேறியபின் 8.30க்கு வண்டி நின்றது. முந்தைய நாள் மழையில் சாலையின் குறுக்கே மரம் விழுந்திருந்தது. நான்கு பேர் கொடுவாளோடு இறங்கிக் கிளைகளை வெட்டினார்கள். மற்றவர்கள் இழுத்துப் போட்டோம். ஐம்பது நிமிடம் போனது. இதையும் அடையாளத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தபடியே ஒரு கிளையை இழுத்தேன்.

10.20க்கு வெள்ளிமலை. கார்த்திகைக் குளிர் கன்னத்தில் பட்டது. என் வேலையைச் சொல்லி வாடகைக்குக் கேட்ட முதல் இரண்டு வீடுகளிலும் இடம் இல்லை. மூன்றாவது வீட்டு வாசலில் என் வயதுப் பெண் ஒருத்தி கோணி தைத்துக்கொண்டிருந்தாள். பெயர் அலமேலு. அருகில் அவள் குழந்தை தூங்கியது.

“வூடு கீதுங்க. ஆனா அதுல சாமை குடியிருக்குது,” என்று கதவைத் திறந்து காட்டினாள். கூரை வரை மூட்டைகள். “தை மாசம் வித்தாத்தான் காலியாவும்.”

அவ்வளவுதான். கர்த்தர் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். மதியப் பேருந்தில் இறங்கினால் இருட்டுவதற்குள் அம்மாவிடம் போய்விடலாம். உடம்பே லேசானது போல் இருந்தது.

“அப்ப நான் கெளம்புறேங்க. தங்க எடமில்லாம எப்படிச் சேர்றது?”

“போன வருசம் இந்த வேலைக்கு வந்த சாரும் இதேதான் சொல்லிட்டுப் போனாரு,” என்றாள் அலமேலு, ஊசியை நிறுத்தாமல். “நீங்களும் சொல்லிட்டுப் போங்க. புள்ளைக்குக் காய்ச்சல்னா ரத்தம் பாக்க நாங்க கீழ எறங்கிக்கினுதானே கீறோம்.”

தெருமுனை வரை நடந்தேன். என்னை உறுத்தியது அவள் பேச்சைவிட என் நிம்மதிதான். வீடு கிடைக்கவில்லை என்றதும் நான் வருத்தப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். கர்த்தருடைய விருப்பத்தைத் தெரிந்துகொள்வதற்காக நான் அடையாளம் கேட்கவில்லை. என் பயத்துக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

அப்பா மருத்துவமனையில் கிடந்தபோதும் இப்படித்தான் கேட்டேன். அவர் பிழைத்தால் கடைசி வரை உம்மை நம்புவேன் என்றேன். அவர் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலையிலும் நானும் அம்மாவும் முழங்கால் போட்டோம். நிபந்தனை போய்விட்டது, நம்பிக்கை இருந்தது. இந்த ஆறு மாதமும் எங்களைத் தாங்கி நிறுத்தியது எந்த அடையாளமும் அல்ல.

தெருவோரம் நின்றே ஜெபம் பண்ணினேன். வீட்டைப் பற்றிப் பேசவில்லை. கூட வாரும் என்று மட்டும் கேட்டேன்.

பகல் 11.50க்குச் சுகாதார நிலையத்தில் பணியேற்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். “சேந்துட்டியா? ராத்திரி எங்கடி படுப்ப?” என்றாள். “தெரியலம்மா” என்றேன். “செரி, கம்பளி எடுத்து வைக்கிறேன்” என்றாள்.

எங்கள் ஊரில் கரும்புக் காட்டைத் தாண்டினால் வானம்தான். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கிறது. பழக நாளாகும்.

மாலையில் கீழே வரும்போது மலையடிவாரத்தில் உள்ள கச்சிராயபாளையத்தில் இறங்கிவிட்டேன். விசாரித்ததில் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் சின்ன அறை ஒன்று இருந்தது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு. வேலைக்குத் தினமும் மலை ஏறி இறங்க வேண்டும். நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு பூட்டு வாங்கி, அந்தக் காலி அறையைப் பூட்டிவிட்டு, துணிமணி எடுத்து வர ஊருக்குப் பேருந்து ஏறினேன்.